நான் போலந்துக்குப் போகவில்லை

அண்ணா, நான் மலர். இந்தக் கடிதத்தில் எழுத்து மட்டும்தான் என்னுடையது, பேச்செல்லாம் அம்மாவுடையது. அம்மா சொல்லச் சொல்ல, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கோபத்தைக்கூடக் குறைக்கமாட்டேன். "நான் பேசற மாதிரி எழுதாத, புஸ்தகத்துல கீற மாதிரி எழுது, அப்பத்தான் அவன் கடைசி வரைக்கும் படிப்பான்" என்று அம்மா சொன்னதால், அம்மாவின் பேச்சை என் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றுகிறேன். நாங்கள் இப்போது பீச் ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் பெரிய வங்கிக் கிளையில், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். பள்ளி விட்டதும் என்னை நேராக இங்கே வரச் சொல்லியிருந்தாள். இனிமேல் ‘நான்’ என்று வருமிடமெல்லாம் அம்மா. நான் ஏதாவது சொல்ல நேர்ந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.

நைனா, முதலில் நீ கேட்டதற்குப் பதில். கொடுக்கமாட்டேன். ராயபுரத்துக்காரனிடம் இங்கே ரூபாயைக் கொடுத்தால் அங்கே அரை மணியில் உன் கையில் போலந்துக் காசு வந்துவிடும் என்றாய். "குடுத்துட்டு வா, கேள்வி கேக்காத" என்றாய். நான் கொடுக்கவுமில்லை, கேள்வி கேட்பதை விடவுமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அறைக்கு அட்வான்ஸ் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளை வைத்துவிடுவார், அந்தக் குளிரில் பெட்டியோடு தெருவில் நிற்கவேண்டும் என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அதனால்தான் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மதியத்திலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பணம் வரும். என் பெயரிலிருந்து உன் பெயருக்கு, உன் கம்பெனி திறந்துகொடுத்த கணக்குக்கு, வங்கி வழியாக வரும். போனில் இதைச் சொல்ல வந்தால் பாதியிலேயே நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், லைன் போய்விடுகிறது. அதனால் எழுதச் சொல்கிறேன். மலர் படம் பிடித்து அனுப்புவாள். வேலை முடிந்து கையுறையைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் படி.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று இங்கே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அது போலந்தில் ஆரம்பிக்கவில்லை, எங்கள் இறால் உரிக்கும் ஷெட்டில்தான் ஆரம்பித்தது. சம்பளம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பேங்கில் போட ஆரம்பித்தபோது எங்கள் எல்லாருக்கும் கார்டு வந்தது. ஆனால் யார் போய் ஏடிஎம் மெஷின் முன்னால் நிற்பது? ஐஸ் தண்ணீரில் ஊறிய விரலால் அந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு எண்ணுக்கு இரண்டு எண் விழும். எங்களில் குமாரி அக்கா மட்டும் பயப்படாமல் போவாள். அதனால் எல்லாருடைய கார்டும் அவளுடைய சுருக்குப்பையில் இருக்கும். எது யாருடையது, ரகசிய எண் என்ன என்பதையெல்லாம் கார்டின் பின்னால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருப்போம். சம்பள நாளில் அவள் திருவொற்றியூர் மெஷினில் ஒவ்வொரு கார்டாகப் போட்டு எடுத்துக்கொண்டு வருவாள், பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள், அவளும் திருப்பித் திட்டுவாள். இத்தனை வருடத்தில் ஒருத்தியின் காசும் குறைந்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவளுக்குக் கார்டு என்பது ஒரு டிபன் பாக்ஸ் மாதிரிதான். யார் போகிறார்களோ அவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். நீ வெல்டிங் படித்து முடித்த அன்றைக்குக் குமாரி அக்காவிடமிருந்து என் கார்டை வாங்கி உன் கையில் கொடுத்தேன். போலந்துக் கப்பல் பட்டறை வேலைக்கு விமானம் ஏறும்போதும் அது உன் பர்ஸிலேயே இருந்தது. முதல் சம்பளம் வர இரண்டு மாதம் ஆகும், அதுவரைக்கும் கைக்கு இருக்கட்டும் என்று நானே சொன்னேன். கார்டை வெளிநாட்டில் வேலை செய்ய வைக்கிற ஸ்விட்சை என் போனில் நீ திறந்துவைத்ததும் எனக்குத் தெரியும். அது இன்னொருத்தரின் பெயர் போட்ட கார்டு என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அம்மாவின் பெயர் இன்னொருத்தரின் பெயரா என்ன?

நீ போன பிறகு நான் பாஸ்புக்கைக் கொண்டுபோய் நம் கிளையில் ஸ்லிப் எழுதிச் சம்பளத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமையும் அப்படித்தான் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான். எழுந்துபோய் உள்ளேயிருந்த ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆபீசர் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, உன்னைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும்.

"ஏம்மா, நீங்க இப்ப போலந்துல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நான் எங்க சார் போலந்துக்குப் போறது? ஷெட்டுக்கே ஷேர் ஆட்டோல தொங்கிகினுதான் போறேன்" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. என் கார்டு போலந்தில் ஒரு மெஷினில், ஒரே நாளில், திரும்பத் திரும்பப் போடப்பட்டிருக்கிறது, ஒருநாளைக்கு இவ்வளவுதான் என்ற வரம்பைத் தாண்டிக் கேட்டிருக்கிறார்கள், நடுவில் இணையத்தில் பணம் கட்டும் ஏதோ ஒரு லிங்க்கிலும் கார்டு எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்றார். அட்வான்ஸ் மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுக்கப் பார்த்திருக்கிறாய், வரவில்லை என்றதும் மறுபடி மறுபடி முயன்றிருக்கிறாய். சந்தேகப்பட்டு வங்கியிலிருந்து எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது என்பது உனக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டியில் அது அடித்துக்கொண்டேயிருந்திருக்கிறது, நான் உள்ளே தொப்பியும் முழங்கால் பூட்ஸுமாக இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் எடுக்காததால் திருட்டு என்று முடிவுகட்டிக் கார்டை நிறுத்திவிட்டார்கள். இங்கிலீஷில் ஒரு மெசேஜும் வந்திருந்தது. அதை நான் கடன் தருகிறோம் என்று வருகிற மெசேஜ்களில் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற பூக்காரம்மா என் முதுகைக் கிள்ளி, "கார்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு, இன்னாத்துக்கு வம்பு" என்று மெதுவாகச் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் வாயைத் திறந்துவிட்டேன். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கார்டு தொலைந்தது என்று நான் சொன்னால், போலந்தில் அந்த மெஷின் முன்னால் நின்றவன் திருடன். அந்த மெஷினில் கேமரா இருக்கும். அதில் இருக்கும் முகம் நான் பெற்ற முகம். என் கையெழுத்தாலேயே உன்னைத் திருடன் ஆக்கியிருப்பேன், அதுவும் நீ இப்போதுதான் காலூன்றிய ஊரில்.

அதனால் சத்தமாகச் சொன்னேன். "எம்புள்ள கையில கீது சார் கார்டு. நான்தான் குடுத்தனுப்பிச்சேன். எண்ணையும் நான்தான் சொன்னேன். அவன் திருடல."

ஆபீசர் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் திட்டினார். கார்டையும் எண்ணையும் பெற்ற பிள்ளைக்கும் கொடுக்கக்கூடாது, கட்டிய புருஷனுக்கும் கொடுக்கக்கூடாது என்றார். சரி என்றேன். என் பணத்தை எடுக்க நீங்கள் எதற்கு வரம்பு போடுகிறீர்கள், ரூபாயில் எடுக்கலாம், போலந்துக் காசில் எடுத்தால் மட்டும் ஏன் இத்தனை தொந்தரவு என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நீயும் போனில் கேட்டாய், ‘கலீஜ் பேங்க்’ என்று வேறு சொன்னாய். அவர் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். இங்கே கடையில் கார்டைப் போட்டால் ரகசிய எண் கேட்கும், இணையத்தில் போட்டால் போனுக்கு ஓர் எண் வரும். வெளிநாட்டில் பல இடங்களில் அந்தக் கேள்வியே கிடையாதாம். கார்டின் முகப்பில் இருக்கும் எண்கள் தெரிந்தால் போதும், கணக்கைத் துடைத்துவிடலாம். துடைத்த பிறகு அந்த ஊர்க்காரனைப் பிடித்துத் திரும்ப வாங்குவது லேசில்லை. அதனால் அந்தக் கதவைச் சாத்தியே கொடுக்கிறார்கள், வேண்டுமென்றால் நாமே திறந்துகொள்ளவேண்டும், திறந்தாலும் ஒருநாளைக்கு இவ்வளவுதான். இது ஒன்று. இன்னொன்று, நாம் ரூபாயைக் கொடுத்தாலும் அந்த ஊர்க்காரன் ரூபாயை வாங்கமாட்டான். வங்கி டாலரோ அவனுடைய காசோ வாங்கித்தான் அவனுக்குக் கொடுக்கவேண்டும். அந்த டாலரை இங்கே யாரும் அச்சடிக்க முடியாது. வெளியே எதையாவது விற்றால் வரும், அல்லது வெளியே வேலை செய்பவர்கள் அனுப்பினால் வரும். வந்ததற்கு மேலே எல்லாரும் அள்ளினால் எண்ணெய்க்கும் மருந்துக்கும் கொடுக்க நாட்டிடம் இல்லாமல் போகும். அதனால் யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

நான் விடவில்லை. "வெளிய இன்னாத்த விக்கிறாங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் எதையோ நினைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார், "எவ்வளவோ இருக்கும்மா. துணி, மருந்து, கார்... நம்ம பக்கத்துல பாத்தா இறால்."

நான் இரண்டு கையையும் எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். நீ பார்த்து வளர்ந்த கைதான். நகக்கண் வெளுத்து, ஓடு குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் சல்லடை மாதிரி இருக்கிற கை. "அந்த டாலரு இந்தக் கைல இருந்துதான் சார் போய் வருது. எங்க ஷெட்டு இறாலு அமெரிக்காவுக்குப் போவுது, ஜப்பானுக்குப் போவுது. பொட்டிமேல ஒட்டறத நானே பாத்துக்கீறேன். அதுல எம்புள்ளைக்கு ஒரு ரூம்புக்கு அட்வான்ஸ் இல்லியா?"

(அண்ணா, இதைச் சொல்லும்போது அம்மா இங்கேயும் கையைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.)

அந்தப் பிள்ளை என் கையைப் பார்த்தார். பிறகு, "இருக்கும்மா" என்றார். "கார்டுல இல்ல. ஃபார்ம்ல இருக்கு. மகனோட செலவுக்கு அம்மா தாராளமா அனுப்பலாம். நீங்க நினைக்கறதவிட எத்தனையோ மடங்கு அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கு. பேரச் சொல்லணும், காரணத்தச் சொல்லணும், அவ்வளவுதான்." அதைச் செய்வது இந்தப் பெரிய கிளையில் என்று விலாசம் எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். இத்தனை நாளாக இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எங்கள் ஷெட்டில் ஒருத்திக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. கார்டை மூடும்போது அனுப்புகிற மெசேஜைத் தமிழில் அனுப்புங்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக்கொடுங்கள் என்றார். மலரை எழுதச் சொல்லியிருக்கிறேன், நாளைக்குக் கொடுப்பேன்.

வரம்பு என்றாலே உனக்குப் பிடிக்காது. உன் அப்பாவுக்கும் பிடிக்காது. ஒவ்வொரு வருடமும் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது, விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக்கிடக்கும்போது, அவர் வீட்டில் குட்டிபோட்ட பூனை மாதிரி நடப்பார். உனக்குப் பத்து வயது இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் யாரோ சின்னக் கண்ணி வலை போட்டு அரித்ததில் உனக்கு ஒரு வாளி மீன் கிடைத்தது என்று ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தாய். எல்லாம் சுண்டுவிரல் நீளம். நான் அதைப் பார்த்ததும் உன் முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழுதுகொண்டே, "எல்லாரும்தான் எடுத்தாங்கோ" என்றாய். எல்லாரும் எடுத்ததால்தான் அடிக்கிறேன் என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவான வரம்பென்றால் நான் அதற்குக் கட்டுப்படுவேன், காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஆனால் பெரிய படகுக்காரனுக்கு ஒரு கடல், சின்னப் படகுக்காரனுக்கு ஒரு கடல் என்றால் சண்டை போடுவேன். ஏற்றுமதி செய்கிற முதலாளிக்கு வருகிற டாலரை டாலராகவே வைத்துக்கொள்ளத் தனிக் கணக்கு இருக்கிறதாம், அதையும் அந்த ஆபீசர்தான் சொன்னார். இருக்கட்டும். ஆனால் உரிக்கிறவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ராயபுரத்துக்காரன். நேற்று ஷெட்டு வாசலுக்கே ஸ்கூட்டரில் வந்துவிட்டான். நீதான் நம்பர் கொடுத்திருக்கிறாய். நல்லாத்தான் பேசினான், ‘அம்மா, அம்மா’ என்றான். என் பெயரைக் கேட்கவில்லை. உன் முழுப்பெயரைக் கேட்கவில்லை. எதற்குப் பணம் என்று கேட்கவில்லை. "பேங்க்ல போனா உன்ன நூறு கேள்வி கேப்பான், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று அதையே பெருமையாகச் சொன்னான். எனக்கு அங்கேதான் பயம் வந்தது. நைனா, என்னிடம் நூறு கேள்வி கேட்பவனுக்கு நான் நூறு பதில் சொல்லிவிடுவேன், என்னிடம் மறைக்க எதுவுமில்லை. ஒன்றுமே கேட்காதவன் என்னை எதற்குப் பயன்படுத்துகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு அந்த ஊர்ப் போலீஸ் இந்தக் காசு உனக்கு யார் கொடுத்தது என்று கேட்டால் நீ யார் பெயரைச் சொல்வாய்? அங்கே நீ வெளியூர்க்காரன். உன்னிடம் ஒரு சீட்டு இருக்கவேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். நான் கொடுக்கிற ரூபாய் இங்கேயே அவன் பெட்டியில் நின்றுவிடும். அங்கே உனக்குத் தருகிற காசு, அங்கே வேலை செய்கிற எவனோ ஒருவன் தன் வீட்டுக்கு அனுப்பக் கொடுத்தது. அது நாட்டுக்குள் வராமலே போய்விடும். ஐஸில் நின்று நான் கொண்டுவருகிறதை என் கையாலேயே வெளியில் நிறுத்தச் சொல்கிறாயா? "உன்னால முடியாதுன்னா சொல்லிடும்மா, பேங்க்காரன் கிட்ட போய் அசிங்கப்படாத" என்றான் போகும்போது. நான் எங்கும் அசிங்கப்படவில்லை, நீ வண்டியை எடு என்றேன். குமாரி அக்கா பின்னாலிருந்து இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள், அதை எழுதவேண்டாம் என்று மலரிடம் சொல்லிவிட்டேன்.

(எல்லாவற்றையும் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருப்பதால், அக்கா சொன்னது உண்மையிலேயே எழுத முடியாதது என்பதை மட்டும் எழுதுகிறேன்.)

இன்றைக்கு இங்கே உண்மையிலேயே நூறு கேள்விதான். பான் கார்டு, ரேஷன் கார்டில் உன் பெயர், உன் பாஸ்போர்ட் நகல், கம்பெனிக் கடிதம், அறைக்காரரின் வாடகைச் சீட்டு, உன் வங்கிக் கணக்கு. நீ மலருக்கு அனுப்பியிருந்த படங்களையெல்லாம் பக்கத்துக் கடையில் அச்செடுத்துக் கொடுத்தேன். ஃபார்மை நிரப்பியவர் என்னைக் கேட்காமலே தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டார். அடித்து எழுதுங்கள் என்றேன். அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும், எதற்கும்மா, இதனால் ஒன்றும் வித்தியாசமில்லை என்றார். எனக்கு வித்தியாசம் இருக்கிறது என்றேன். ‘இறால் உரிக்கும் தொழிலாளி’ என்று எழுதவைத்து, பக்கத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். பணம் எப்படி வந்தது என்ற கட்டத்திலும் இறால் என்றே எழுதச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சம்பளச் சேமிப்பு என்று எழுதினார். அதுவும் உண்மைதான், விட்டுவிட்டேன். பழைய கார்டை ரத்து செய்து புதுசு தந்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஸ்விட்சை நானே என் விரலால் மூடினேன். புதுக் கார்டு என் ரவிக்கைக்குள் இருக்கிறது. எண் என் தலைக்குள் இருக்கிறது. குமாரி அக்காவிடம்கூடச் சொல்லப்போவதில்லை, அடுத்த சம்பள நாளில் மெஷினுக்கு அவளோடு நானும் போய் நிற்கப்போகிறேன். ஒவ்வொருத்தியையும் கூட்டிக்கொண்டு போவேன்.

நீ செய்யவேண்டியது இவ்வளவுதான். உன் பர்ஸில் இருக்கும் என் கார்டை இரண்டாக வெட்டிப்போடு. பாதியை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளாதே. அறைக்காரரிடம் போய், பணம் அம்மாவிடமிருந்து வங்கி வழியாக வருகிறது, இதோ சீட்டு என்று காட்டு. சீட்டு கைக்கு வந்ததும் மலர் அனுப்புவாள். அம்மா இறால் உரிப்பவள் என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல். கப்பல் அடித்தட்டில் படுத்துக்கொண்டு நெருப்பைப் பிடிக்கிறவனுக்குக் கூச்சம் எதற்கு? உன் சம்பளம் வந்து வீட்டுக்கு ஏதாவது அனுப்பத் தோன்றினால், இதே வாசல் வழியாக அனுப்பு, பெயர் போட்டு அனுப்பு. அன்றைக்கு அந்தத் தூத்துக்குடிப் பிள்ளையிடம் போய், எங்கள் வீட்டில் இப்போது டாலர் கொண்டுவருபவர்கள் இரண்டு பேர் என்று சொல்வேன். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சாப்பிடாமல் இருந்தால் அது கூடும்.

(அண்ணா, இனி நான். அம்மா பேசி முடித்துவிட்டாள். ஃபார்மில் எல்லாம் சரியாக இருக்கிறது, மேனேஜர் கம்ப்யூட்டரில் ஒப்புதல் கொடுப்பது மட்டும் பாக்கி என்கிறார்கள். மேனேஜர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவிடலாமே அம்மா என்றார். "வெள்ளிக்கெழம வரைக்கும்தான் சார் அவனுக்கு டயம். பணம் போய்ச்சேர ரெண்டு நாளு வழியிலயே பூடும்னு நீங்கதான சொன்னீங்கோ. நான் இங்கயே குந்திகினு இருக்கேன்" என்று அம்மா சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அவர் வாசலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தார். காவலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். கூட்டுகிற அக்கா எங்கள் காலடிவரை வந்து நின்றாள், அம்மா இரண்டு காலையும் தூக்கிக் காட்டினாள், பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. இப்போது மேனேஜர் அறையில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, நம் சீட்டாகத்தான் இருக்கும். கூடத்து விளக்குகளை வரிசையாக அணைத்துக்கொண்டே வந்தார்கள். எங்கள் தலைக்கு மேலிருந்ததையும் அணைத்துவிட்டார்கள்.)